நியூயார்க் பிளானிங் கமிஷன்: படிப்பதில் கெட்டி, கேட்பதில் சுமார்

2024 ஜூலை 10, புதன்கிழமை. மன்ஹாட்டனில் 120 பிராட்வே கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தில் காலை 10 மணிக்குத் தொடங்கிய கருத்துக் கேட்புக் கூட்டம் இரவு வெகுநேரம் கழித்துத்தான் முடிந்தது. பேச வந்தவர்களுக்குத் தலைக்கு 3 நிமிடம். எடுத்துக்கொண்ட பொருள் ‘சிட்டி ஆஃப் யெஸ்’ வீட்டுவசதித் திட்டம். எந்த மனையில் எதை, எவ்வளவு கட்டலாம் என்று சொல்பவை ஜோனிங் விதிகள். 1961 முதல் அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே வந்த அவற்றை, பரோ எனப்படும் நகரத்தின் ஐந்து பெரும்பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே வீச்சில் தளர்த்துகிற முயற்சி அது. அந்த மூட்டையை, இப்படிப்பட்ட திட்டங்களை ஆராய்ந்து ஓட்டுப் போடும் நியூயார்க் சிட்டி பிளானிங் கமிஷன் எப்படிப் பிரித்துப் பார்த்தது, வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இந்தச் சேவை எவ்வளவு உதவுகிறது, எங்கே கையை விரிக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடலாம். தாளில் இருப்பதை வரி வரியாகப் படிப்பதில் இந்தக் கமிஷன் கெட்டி. வந்து நிற்கிறவர் சொல்வதை வாங்கிக்கொள்வதில் சுமார்தான். இந்த இரண்டும் தெரிந்துகொண்டு அணுகினால் நிறையக் காரியம் நடக்கும்.

இதில் அக்கறை காட்ட வேண்டிய காரணம் எளிது. 2023-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி நகரத்தில் வாடகைக்குக் காலியாகக் கிடைத்த வீடுகள் 1.4 சதவீதம் மட்டுமே. 1968-க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. நூறு வாடகை வீட்டுக்கு ஒன்றரை வீடுகூடக் காலியில்லாத ஊரில், எங்கே எத்தனை மாடி கட்டலாம் என்று எழுதும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவரின் வாடகையில் போய் முடிகிறது.

கமிஷனில் 13 பேர். தலைவர் உட்பட 7 பேரை மேயர் நியமிக்கிறார். பரோக்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களான ஐந்து பரோ பிரசிடென்ட்களும் ஆளுக்கு ஒருவரை நியமிக்கிறார்கள். மக்கள் குறைகளைக் கேட்கத் தேர்ந்தெடுக்கப்படும் பப்ளிக் அட்வகேட் ஒருவரை. கமிஷன் தலைவரே நகரத் திட்டத் துறையின் இயக்குநரும் ஆவார். ‘சிட்டி ஆஃப் யெஸ்’ வந்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் டான் கராட்னிக். அதாவது, திட்டத்தை எழுதிய துறையின் தலைவரே அதை எடைபோடும் சபைக்கும் தலைவர். எதையும் நிறைவேற்ற 7 ஓட்டு வேண்டும். மேயர் போட்ட ஆட்களும் அதே 7 பேர். மேயர் அலுவலகம் கொண்டுவரும் திட்டம் இங்கே தோற்பது அபூர்வம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. இந்தத் திட்டம் 2024 செப்டம்பர் 25 அன்று 10-க்கு 3 என்ற கணக்கில் தேறியது.

இனி திட்டத்தின் உள்ளடக்கம். ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகளில் 800 சதுர அடி வரை ஒரு துணை வீடு. உள்ளூர்க் கடைத்தெருக்களில் கடைக்கு மேலே இரண்டு முதல் நான்கு மாடிக் குடியிருப்பு. ரயில் நிலையத்திலிருந்து அரை மைலுக்குள், தகுந்த பெரிய மனைகளில் மூன்று முதல் ஐந்து மாடி. நெருக்கமான பகுதிகளில் கூடுதலாக 20 சதவீதம் கட்டலாம்; ஆனால் அந்தக் கூடுதல் பரப்பு முழுவதும் கட்டுப்படியான வாடகைக்கு. 1990 வரை எழுந்த அலுவலகக் கட்டடங்களை வீடுகளாக மாற்ற வழி. கூடவே, புதுக் கட்டடத்துக்குக் கார் நிறுத்தம் கட்டாயம் என்ற விதியை நகரம் முழுக்க நீக்குவது. கூட்டத்தில் அனல் பறந்தது கடைசியாகச் சொன்ன இந்த ஒன்றுக்குத்தான்.

விண்ணப்ப எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்தத் திட்டத்தின் எண் ‘என் 240290 இசட்ஆர்ஒய்’. முதலில் ‘சி’ இருந்தால் அது யூலர்ப் எனப்படும் நாள்கணக்கு நடைமுறைக்குள் வருகிறது. ‘என்’ இருந்தால் வரவில்லை. முதல் இரண்டு இலக்கம் நிதியாண்டு. இசட்ஆர் என்றால் விதியின் வாசக மாற்றம், இசட்எம் என்றால் வரைபட மாற்றம். கடைசி எழுத்து இடம்: குவீன்ஸுக்குக் ‘க்யூ’, புரூக்ளினுக்குக் ‘கே’, பிராங்ஸுக்கு ‘எக்ஸ்’, மன்ஹாட்டனுக்கு ‘எம்’, ஸ்டேட்டன் ஐலண்டுக்கு ‘ஆர்’, நகரம் முழுவதற்கும் ‘ஒய்’. தெருவில் ஒட்டிய நோட்டீஸிலோ, வந்த மின்னஞ்சலிலோ இந்த எண் இருந்தால், துறையின் விண்ணப்பத் தளத்தில் போட்டு முழுக் கோப்பையும் இறக்கிக்கொள்ளலாம். காசில்லை, கணக்குத் திறக்க வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் துறையைத் தாராளமாகப் பாராட்டலாம்.

கோப்பைத் திறந்ததும் பலர் மூடிவிடுவதற்குக் காரணம் அதன் நடை. ‘சிட்டி ஆஃப் யெஸ்’ வாசகம் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. ஆனால் நான்கே குறிகள்தான். அடிக்கோடு போட்டது புதிதாகச் சேர்வது. குறுக்கே அடித்தது நீங்குவது. மூன்று நட்சத்திரம் இருந்தால் இடையில் உள்ள பழைய வாசகம் அப்படியே நிற்கிறது. இரண்டு பக்கமும் # குறி போட்ட சொல்லுக்கு 12-10 ஆம் பிரிவில் தனிப் பொருள் உண்டு.

இந்தக் கடைசிக் குறிதான் காலை வாரும். ‘பேஸ்மென்ட்’, ‘செல்லர்’ இரண்டையும் பேச்சில் ஒன்றாகவே சொல்கிறோம். 12-10-இல் அவை வேறு வேறு. அறையின் உயரத்தில் குறைந்தது பாதி தரைமட்டத்துக்கு மேலே இருந்தால் பேஸ்மென்ட்; பாதிக்கு மேல் புதைந்திருந்தால் செல்லர். பேஸ்மென்ட் கட்டுமானப் பரப்பில் சேரும், செல்லர் பொதுவாகச் சேராது. 8 அடி உயர அறை ஒன்று 4 அடி 2 அங்குலம் புதைந்திருக்கிறதா, 3 அடி 10 அங்குலமா என்பதில் மொத்தக் கணக்கும் மாறிவிடும். ஆகவே வாசகத்தைப் படிக்கும்போது # போட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் 12-10-ஐப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு குறிகளையும் எளிய மொழியில் ஒரு பக்கம் விளக்கி, எல்லாக் கோப்புக்கும் முகப்பாகப் போட்டிருக்கலாம். படம் போட்ட சுருக்கக் கையேடுகள் அழகாகத்தான் வந்தன. ஆனால் அவை திட்டத்தின் நோக்கத்தைச் சொல்கிற அளவுக்கு விதிவிலக்குகளைச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் மாட்டுவது விதிவிலக்கில்தான்.

கமிஷனின் உண்மையான திறமையைப் பார்க்க வேண்டுமானால் புதன்கிழமைக்குப் போகாதீர்கள், திங்கள்கிழமையைப் பாருங்கள். கூட்ட வாரங்களில் திங்கள் பிற்பகல் 1 மணிக்கு ஆய்வுக் கூட்டம் நடக்கும். துறை அலுவலர்கள் திட்டத்தைப் படம் போட்டு விளக்குவார்கள், உறுப்பினர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். பொதுமக்கள் பேச முடியாது, நேரலையில் பார்க்கலாம். எந்த உறுப்பினருக்கு எதில் சந்தேகம், அலுவலர் எந்தக் கேள்விக்கு மழுப்பினார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். புதன்கிழமை பேசப் போகிறவர் திங்கள்கிழமைப் பதிவைப் பார்க்காமல் போனால், ஏற்கெனவே விடை கிடைத்த கேள்வியில் தன் 3 நிமிடத்தைத் தொலைப்பார். இந்த ஆய்வுக் கூட்டத்துக்கு முழு மதிப்பெண்.

புதன்கிழமைக் கூட்டம் அப்படியில்லை. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் பேசுவார்கள். அவர்களிடம் கேள்விகள் நீளும். வேலையை விட்டு வந்த மனிதர் மணிக்கணக்கில் காத்திருந்து, 3 நிமிடம் பேசி, பெரும்பாலும் ஒரு கேள்வியும் வராமல் திரும்புவார். ஆன்லைனில் பெயர் கொடுத்து ஜூமிலும் பேசலாம் என்பது பெரிய உதவிதான். ஆனால் நம் முறை எத்தனை மணிக்கு வரும் என்று சொல்ல ஏற்பாடு இல்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பல நாள் முன்னதாகவே கேட்டு வைக்க வேண்டும். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெரியவர்களுக்காக யாராவது இதை முன்கூட்டியே செய்துவைப்பது நல்லது.

அந்த 3 நிமிடத்தில் எடுபடுவது எது? “எங்கள் தெருவில் கார் நிறுத்த இடமில்லை” என்றால் குறிப்பில் ‘எதிர்ப்பு ஒன்று’ என்று ஏறும், அவ்வளவுதான். “என் மனை இன்ன ஜோனில் இருக்கிறது, இன்ன பிரிவின் இன்ன வாக்கியம் என் தெருவுக்குப் பொருந்தினால் இது நடக்கும், அந்த வாக்கியத்தை இப்படி மாற்றுங்கள்” என்றால் அது அலுவலர் மேசைக்குப் போகும். நம் மனையின் ஜோன் எது என்று நகரத்தின் ‘ஜோலா’ இணைய வரைபடத்தில் முகவரியைத் தட்டினால் ஒரு நொடியில் வந்துவிடும். பேசியதை எழுத்திலும் அனுப்பிவிட வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கையோடு வரும் திட்டம் என்றால், கூட்டத்துக்குப் பிறகும் 10 நாள் எழுத்துக் கருத்து வாங்குவார்கள். அந்த 10 நாளில் வரும் நல்ல கடிதம் 3 நிமிடப் பேச்சைவிடக் கனமானது. எத்தனையோ பேர் பேசிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது.

கேட்கும்போது இன்னொன்றும் மனதில் இருக்க வேண்டும். கமிஷன் குறைக்கலாம், நோட்டீஸில் சொன்னதையும் சுற்றுச்சூழல் ஆய்வு அளந்ததையும் தாண்டிக் கூட்ட முடியாது. “ஐந்து மாடியை நான்காக்குங்கள்” என்பது நடக்கக்கூடிய கோரிக்கை. “ஏழாக்குங்கள்” என்றால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் திட்டங்கள் ஆரம்பத்தில் பெரிதாக வந்து, ஒவ்வொரு படியிலும் தேய்கின்றன. 15 ஆண்டில் 1,09,000 வீடு வரை வரலாம் என்று துறை போட்ட கணக்கு, கமிஷனைத் தாண்டி, நகரச் சட்டமன்றமான சிட்டி கவுன்சில் திருத்தி முடித்தபோது சுமார் 80,000 ஆனது. கூடுதல் வீடு வேண்டும் என்பவர்கள் கருத்துக் கேட்புக்கு வந்து கூட்டச் சொல்லிக் கேட்டுப் பயனில்லை. சுற்றுச்சூழல் ஆய்வின் வரம்பைத் தீர்மானிக்கும் ஸ்கோப்பிங் கூட்டத்துக்கே வந்திருக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு.

கமிஷன் தொடாமல் விட்டதைக் கவுன்சில் தொட்டது. கார் நிறுத்த விதியை நகரம் முழுக்க நீக்க கமிஷன் சம்மதித்திருந்தது. கவுன்சில் அதை மூன்று அடுக்காகப் பிரித்து, ரயிலுக்குத் தொலைவான பகுதிகளில் பழைய கட்டாயத்தை விட்டுவைத்தது. துணை வீட்டிலும் கத்தி விழுந்தது. ரயில் வசதி வளையத்துக்கு வெளியே ஆர்1-2ஏ, ஆர்2ஏ, ஆர்3ஏ என்ற தனி வீட்டு ஜோன்களில் கொல்லைப்புறத் துணை வீடு கிடையாது. பாரம்பரியப் பகுதிகளிலும் கிடையாது. வெள்ள ஆபத்துள்ள இடங்களில் தரைக்குக் கீழே துணை வீடு கூடாது. உரிமையாளர் அங்கே குடியிருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. 2024 டிசம்பர் 5 அன்று 31-க்கு 20 என்று கவுன்சிலில் நிறைவேறியது. குழாய், சாக்கடை, வாடகை உதவி போன்றவற்றுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கீடும் உடன் வந்தது. அந்தப் பணம் கமிஷன் மேசைக்கே வராத விஷயம். ஜோனிங் தவிர வேறெதுவும் அவர்கள் கையில் இல்லை.

வெள்ள நிபந்தனையை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2021 செப்டம்பர் 1 இரவு ‘ஐடா’ புயல் மழையில் நகரத்தில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் தரைக்குக் கீழே இருந்த வீடுகளில் மாட்டிக்கொண்டவர்கள். அங்கே குடியிருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், விதிப்புத்தகத்துக்கு மட்டும் தெரியாது என்ற நிலையை இந்தத் திட்டம் ஓரளவாவது மாற்ற முனைந்தது. அதை ஏற்றதற்காகக் கமிஷனுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

துணை வீடு கட்ட நினைக்கும் குவீன்ஸ் வீட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜோனிங் அனுமதித்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இரு குடும்ப வீட்டுக்குள்ளேயே மூன்றாவதாக ஒரு வீட்டைச் சேர்த்தால், மூன்று குடும்பம் என்ற கணக்கில் மாநிலத்தின் மல்டிபிள் டுவெல்லிங் சட்டம் வந்து உட்காரும். படிக்கட்டு, வெளியேறும் வழி, தீத்தடுப்பு எல்லாம் வேறு தரத்துக்குப் போய்விடும். செலவு அங்கேதான் எகிறுகிறது. கொல்லையில் தனிக் கட்டடமாக வந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஆனால் மேலே சொன்ன ஜோன் தடைகள் அங்கேதான் இருக்கின்றன. ஆர்கிடெக்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டையும் சரிபாருங்கள். இதை விளக்க வேண்டியது கட்டடத் துறை என்று திட்டத் துறை ஒதுங்கிக்கொள்கிறது. வீட்டுக்காரருக்கு இரண்டு துறையும் ஒரே நகரம்தான்.

தனி மனைக்கு ஜோன் மாற்றம் கேட்பவர்களின் பாதை வேறு. அங்கே யூலர்ப் கடிகாரம் ஓடும்: கம்யூனிட்டி போர்டு எனப்படும் வட்டார ஆலோசனைக் குழுவுக்கு 60 நாள், பரோ பிரசிடென்டுக்கு 30, கமிஷனுக்கு 60, கவுன்சிலுக்கு 50. ஏழு மாதத்தில் முடிந்துவிடும் போலத் தோன்றும். ஆனால் விண்ணப்பம் முழுமையாக இருக்கிறது என்று துறை சான்று தரும் வரை கடிகாரமே ஓடாது. சான்றுக்கு முந்தைய அந்த ஓட்டத்துக்குக் கறாரான நாள் வரம்பு இல்லை. ஓராண்டு, ஈராண்டு என்று இழுக்கும். பெரும்பாலும் தடங்கல் வருவது சுற்றுச்சூழல் ஆவணத்தில்: நிழல் ஆய்வு, போக்குவரத்து எண்ணிக்கை, மண் மாசு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆலோசகர் கட்டணம் ஏறுகிறது. சிறு மனைக்காரர் பாதியில் விடுவது இங்கேதான். கமிஷன் சேவையின் மிகப் பெரிய குறை எதுவென்று கேட்டால், கருத்துக் கேட்பைவிட இதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பாதையில் கட்டுப்படியான வீடுகளின் விகிதமும் தீர்மானமாகிறது. முதல் தெரிவில் 25 சதவீதப் பரப்பு, சராசரியாகப் பகுதி இடைநிலை வருமானத்தில் (வட்டாரக் குடும்பங்களின் நடுமட்ட வருமானம்) 60 சதவீதம் சம்பாதிப்பவர்களுக்கு. இரண்டாவதில் 30 சதவீதப் பரப்பு, அதில் 80 சதவீதம் சம்பாதிப்பவர்களுக்கு. எண்ணிக்கை கூடினால் வாடகையும் கூடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். “30 சதவீதம் வேண்டும்” என்று முழங்குபவர்கள் தெரியாமலே உயர்ந்த வாடகையைக் கேட்டுவிடுகிறார்கள்.

கம்யூனிட்டி போர்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நகரத்தில் மொத்தம் 59. உறுப்பினர்கள் சம்பளமில்லாமல் மாலையில் கூடுகிறவர்கள். குவீன்ஸின் 14 போர்டுகளில் பெரும்பாலானவை இந்தத் திட்டத்தை எதிர்த்தன. அவர்கள் ஓட்டு ஆலோசனை மட்டுமே. ஆயிரம் பக்கத்தைச் சில வாரத்தில் படித்து முடிக்கச் சொன்னது நியாயமில்லை. கமிஷனின் இறுதி அறிக்கையில் ஒவ்வொரு போர்டின் ஓட்டும், பேசியவர்களின் வாதமும், அவற்றுக்குக் கமிஷன் தரும் பதிலும் பதிவாகின்றன. ‘கன்சிடரேஷன்’ என்ற தலைப்பின் கீழ் வரும் பகுதியைத் தவறாமல் படியுங்கள். எதை ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்று தெளிவான நடையில் இருக்கும். இந்தச் சேவையில் ஆகச் சிறந்த பொருள் அந்த அறிக்கைதான். போர்டுகளுக்கும் அப்படி ஓர் ஆவணம் முன்னாலேயே கிடைத்திருந்தால் பாதிச் சண்டை இருந்திருக்காது.

2025 நவம்பர் 4 அன்று வாக்காளர்கள் நகர சாசனத் திருத்தங்களை ஏற்ற பிறகு இந்தக் கமிஷனின் எடை கூடியிருக்கிறது. அளவான சிறு திட்டங்களுக்கு விரைவுப் பாதை வந்துவிட்டது: போர்டும் பரோ பிரசிடென்டும் ஒரே சமயத்தில் 60 நாள், அதன் பிறகு 30 நாளில் கமிஷன் முடிவு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கவுன்சில் ஓட்டு கிடையாது. இதுவரை கமிஷனில் எடுபடாததை உள்ளூர்க் கவுன்சில் உறுப்பினரைப் பிடித்துச் சரிசெய்துகொள்ளலாம் என்றிருந்தோம். விரைவுப் பாதைத் திட்டங்களுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிட்டது. ஆகவே தெருவில் நோட்டீஸ் பார்த்தால் அதே வாரம் எண்ணைக் குறித்துக்கொண்டு கோப்பை இறக்குங்கள், போர்டு கூட்டத் தேதியைக் கேளுங்கள். பிரிவு எண்ணோடு ஒரு பக்கக் கடிதத்தைக் கமிஷனின் புதன்கிழமைக் கூட்டத்துக்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.